கோடையில் அணைக்கரை: மீன் எங்கே நிற்கும்?

பங்குனி பிறந்தால் போதும், நம் சங்கத்து நண்பர்களில் யாராவது ஒருவர் என்னைப் பிடித்துக்கொள்வார். "பிள்ளைகளுக்குப் பரீட்சை முடியப்போகிறது. இரண்டு மாதம் வீட்டில் வைத்துச் சமாளிக்க முடியாது. தூண்டில் போட நல்ல இடமாக ஒன்று சொல்லுங்களேன்" என்பார். இத்தனை வருடங்களாக வாயால் சொல்லி வந்ததை இந்தத் தடவை எழுதியே விடலாம் என்று உட்கார்ந்தேன்.

இடத்தைச் சொல்வது ஒன்றும் கஷ்டமில்லை. ஆனால் நான் இன்று காட்டும் இடம் அடுத்த வாரம் அங்கே இருக்காது. கோடையில் அணைத் தண்ணீர் நாளுக்கு நாள் இறங்கும். கரையும் கூடவே நடந்து போகும். ஆகவே இடத்தைச் சொல்வதைவிட, இடம் பார்க்கும் வழியைச் சொல்வதே உதவி. அதோடு, இந்தப் பொழுதுபோக்கில் நான் செய்த ஒரு பெரிய தவறையும் சொல்லவேண்டியிருக்கிறது. அதைச் சொல்லாமல் இடத்தை மட்டும் சொன்னால் உங்கள் பிள்ளைகளுக்கு நான் துரோகம் செய்தவனாவேன்.

நான் பிறந்தது கம்பம் பள்ளத்தாக்கு. தேக்கடியிலிருந்து மலையைக் குடைந்து வரும் பெரியாற்றுத் தண்ணீரில் வளர்ந்த ஊர். பள்ளிக்கூடம் விட்டால் வாய்க்கால், வாய்க்கால் விட்டால் வீடு. மூங்கில் கம்பு, தங்கூசி நரம்பு, மயில் இறகுத் தண்டில் தக்கை. இவ்வளவுதான் எங்கள் சொத்து. 1988-இல் வேலை கிடைத்துக் கஞ்சிக்கோட்டுக்கு வந்தேன். என் தங்கையை வண்டன்மேட்டுப் பக்கம் ஏலத்தோட்டக் குடும்பத்தில் கொடுத்திருக்கிறது. ஆக, பாலக்காட்டு அணைகளும் இடுக்கி அணைகளும் எனக்கு ஒன்றுக்கொன்று மாமன் வீடு மாதிரி ஆகிவிட்டன.

ஏன் பங்குனி, சித்திரை?

என் அக்காள் மகன் அமெரிக்காவில் மிசௌரி மாநிலத்தில் இருக்கிறான். அங்கே வசந்த காலம் வந்தால் ஏரிக்கரையெல்லாம் தூண்டிலும் கையுமாக ஆட்கள் நிற்பார்களாம். அவர்கள் தேடுவது கிராப்பி என்ற மீன். உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரியது, தட்டையாக இருக்கும், ருசியும் அதிகம். குளிர்காலம் முழுதும் ஆழத்தில் கிடக்கும் அது, தண்ணீர் 16 முதல் 20 டிகிரி வரை சூடானதும் முட்டையிடக் கரையோரத்துக்கு வந்துவிடும். மூழ்கிய மரமும் கிளையும் இருக்கும் இடத்தில் கூட்டமாக நிற்கும். கிறிஸ்துமஸ் முடிந்ததும் பழைய மரங்களைக் கல் கட்டி ஏரியில் போட்டு அதற்கு வீடு கட்டிக்கூடக் கொடுக்கிறார்களாம்!

நம் பக்கம் கிராப்பி கிடையாது. ஆனால் அதே கணக்கில் ஓடும் ஒரு மீன் நம் அணைகளில் நிறைந்து கிடக்கிறது. தமிழ்நாட்டில் அதை ஜிலேபி என்போம். மலையாளிகள் பிலோப்பி என்பார்கள். இரண்டுக்கும் மூலப்பெயர் திலேப்பியா. ஆப்பிரிக்காவில் பிறந்த இந்த மீன் 1952-இல் இலங்கை வழியாக நம் நாட்டுக்கு வந்தது. நம்மைப் போலவே பிழைக்க வந்த மீன். ஆனால் நம்மைவிட வேகமாகப் பெருகிவிட்டது!

திலேப்பியா வருடம் முழுவதும் குஞ்சு பொரிக்கும். என்றாலும் தண்ணீர் நன்றாகச் சூடேறும் கோடையில்தான் கரையோரத்தில் அதன் நடமாட்டம் நம் கண்ணுக்கு எளிதில் தெரியும். ஆண் மீன் ஆழமில்லாத இடத்தில், மணலும் சேறும் கலந்த தரையில், வாயால் தோண்டிச் சாப்பாட்டுத் தட்டு அளவில் ஒரு குழி பறிக்கும். பெண் அதில் முட்டையிட்டு, உடனே முட்டைகளை வாயில் அள்ளிக்கொள்ளும். பொரித்து, குஞ்சுகள் நீந்தத் தொடங்கும் வரை ஏறத்தாழ இரண்டு வாரம் வாயிலேயே வைத்துக் காக்கும். அந்த நாட்களில் அது இரை எடுப்பது மிகக் குறைவு. குழியைக் காவல் காக்கும் ஆணோ பக்கத்தில் எது விழுந்தாலும் பாய்ந்து கடிக்கும். தூண்டில்காரனுக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்?

தூண்டில் இல்லாமல் ஒரு நடை

இடம் பார்க்கப் போகும் முதல் நாள் தூண்டிலை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். கையில் தூண்டில் இருந்தால் கண் வேலை செய்யாது. ஐந்தடி நீளத்தில் கம்பு ஒன்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கம்பு எதற்கு என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

மலம்புழை அணையையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம். 1955 அக்டோபர் 9 அன்று அதைத் திறந்துவைத்தவர் அன்றைய சென்னை மாநில முதலமைச்சர் காமராஜர். பாலக்காடு அப்போது சென்னை மாநிலத்து மலபார் மாவட்டத்தில் இருந்தது. கேரளம் பிறந்தது அடுத்த ஆண்டு நவம்பர் 1 அன்றுதான். நிறைந்தால் 115.06 மீட்டர் மட்டம். கோடையில் பாசனத்துக்கும் குடிநீருக்கும் போனதுபோக மீதி தண்ணீர் உள்வாங்கிக் கிடக்கும். பூங்காவையும் கானாயி குஞ்ஞிராமனின் யட்சி சிலையையும் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்களுக்கு அணையின் மறுபக்கம் தெரியாது. ஆனக்கல், காவா என்று சுற்றிப் போகும் சாலையில் போனால்தான் மலையடிவாரமும் நீர்ப்பரப்பும் சேரும் இடங்களைப் பார்க்கலாம்.

அங்கே நின்று கீழ்க்கண்டவற்றைக் கவனியுங்கள்.

முதலாவது, குழிகள். தண்ணீர் இறங்கிய தரையில் வட்ட வட்டமாக, வரிசையாகக் குழிகள் காய்ந்து கிடந்தால், போன மாதம் அங்கே திலேப்பியா குடியிருந்தது என்று அர்த்தம். அதே சரிவில் தண்ணீருக்குள் இன்னும் நான்கடி கீழே போய் இப்போது புதுக் குழி பறித்திருக்கும். காலை வெயில் முதுகுப் பக்கம் விழும்படி நின்று பார்த்தால் சில சமயம் குழியே கண்ணுக்குத் தெரியும்.

இரண்டாவது, மேடும் பள்ளமும் சேரும் இடம். ஒரே சீராகச் சரியும் கரையில் மீன் நிலையாக நிற்காது. பழைய வரப்பு, கல்கட்டு, மூழ்கிய பாதை, மரத்தின் அடிக்கட்டை, இவை எங்கே தண்ணீருக்குள் இறங்குகின்றனவோ அங்கேதான் நிற்கும். கோடை அணை திறந்து வைத்த புத்தகம் மாதிரி. இப்போது பார்த்து நினைவில் வைத்துக்கொண்டால், ஐப்பசியில் தண்ணீர் நிறைந்த பின்னும் அடியில் எது எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும்.

மூன்றாவது, ஓடை வாய். மலையிலிருந்து வரும் சிற்றோடை கோடையில் நூல் மாதிரி ஒழுகினாலும் அந்த வாய்ப்பகுதியில் தண்ணீர் சற்றுக் குளிர்ந்து இருக்கும். இரையும் வந்து சேரும். ஒரு கோடைமழை பெய்த மறுநாள் காலையில் அந்த இடம் கல்யாண வீடுதான்.

நான்காவது, பறவைகள். நீர்க்காகம் திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் முங்கினால் அங்கே சிறுமீன் கூட்டம் உண்டு. மீன்கொத்தி ஒரே கொம்பில் மணிக்கணக்காக உட்கார்ந்திருந்தால் கீழே தண்ணீர் தெளிவு, ஆழம் குறைவு. கொக்கும் மடையானும் நிற்கும் இடம் முழங்கால் ஆழம்கூட இராது. அதற்குச் சற்றுத் தள்ளி வீசுங்கள்.

ஐந்தாவது, நிழல். பத்து மணிக்கு மேல் வெயில் ஏறினால் மீன் நிழலைத் தேடும். தண்ணீர் மேல் சாய்ந்த மரமும் மூங்கில் புதரும் அப்போது கைகொடுக்கும்.

பாலக்காட்டுக் காற்று

இந்த ஊர்க்காரர்களுக்குக் காற்றைப்பற்றி நான் சொல்லவேண்டியதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கும் வாசல் நம் கணவாய். மார்கழி, தை மாதங்களில் கிழக்கேயிருந்து வறண்ட காற்று கதவைப் பிடுங்கிக்கொண்டு அடிக்கும். பங்குனிக்குப் பிறகு மெல்ல மேற்கே திரும்பிவிடும்.

காற்று எந்தக் கரையில் மோதுகிறதோ அந்தக் கரையில் பாசியும் நுண்ணுயிரும் ஒதுங்கும். அதைத் தின்னச் சிறுமீன் வரும், பின்னால் பெரியது வரும். ஆகவே காற்று முகத்தில் அடிக்கும் கரையே நல்ல கரை. வீசச் சிரமம்தான். வசதியாக இருக்கிறதே என்று காற்றுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, வெறும் கையோடு எத்தனையோ நாள் திரும்பியிருக்கிறேன். ஆனால் அலை எழும்பித் தண்ணீர் கலங்கும் அளவுக்குக் காற்று அடித்தால் அன்று பேசாமல் வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

1998 மே மாதம்

இனி அந்தத் தவறு. 1998 மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை. என் மகனுக்கு அப்போது பத்து வயது. அணையில் தண்ணீர் வெகுவாக இறங்கியிருந்தது. நான் ஆறு தூண்டில்களை வரிசையாக ஊன்றிவிட்டுத் தக்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். நரம்பு அறுந்து ஒரு தக்கை சற்றுத் தள்ளிக் கரையில் ஒதுங்கியது. அதை எடுக்கிறேன் என்று பையன் ஓடினான்.

தரை வெடிப்பு விட்டுக் காய்ந்திருந்தது. பார்த்தால் மாட்டுவண்டியே போகலாம் போலிருக்கும். இருபதடி ஓடியிருப்பான்; முழங்கால் வரை உள்ளே போய்விட்டது. காலை இழுக்க முயன்றான், தொடை வரை போயிற்று. நான் ஓடினேன். எனக்கும் முழங்கால் வரை இறங்கியது. அவன் கையைப் பிடித்து மேலே இழுக்க இழுக்க நான்தான் கீழே போனேன்.

சற்றுத் தூரத்தில் சிறு தோணியில் வலை எடுத்துக்கொண்டிருந்த மீனவர் ஒருவர் பார்த்துவிட்டார். "அனங்கண்டா மோனே! அனங்கண்டா!" என்று கத்தினார். அசையாதே என்று அர்த்தம். தோணியைக் கரையில் முட்டவிட்டு, அதில் உட்காரும் பலகையைக் கழற்றிச் சேற்றின் மேல் தள்ளி, அதன்மேல் வயிற்றால் ஊர்ந்து வந்தார். பையனை மல்லாக்கச் சாயச் சொன்னார். கைகளை விரிக்கச் சொன்னார். ஒரு காலை மட்டும் மெதுவாக முன்னும் பின்னும் ஆட்டச் சொல்லி, அந்தச் சந்தில் கையால் தண்ணீர் அள்ளி ஊற்றினார். கால் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கொடுத்தது. பிறகு அடுத்த கால். அவனைப் பலகை மேல் இழுத்துப் போட்டபின் மூங்கில் கழியை எனக்கு நீட்டினார். இருபது நிமிடம் இருக்கும். எனக்கு அது இருபது வருடம்.

கரையேறியதும் அவர் சொன்னது ஒன்றுதான். "சாரே, வெள்ளம் கண்டா பேடி வேணும். சேறு கண்டா அதிலும் பேடி வேணும்." பேடி என்றால் பயம். சட்டைப் பையிலிருந்த பணத்தை எடுத்து நீட்டினேன். வாங்கவில்லை.

அந்தக் கம்பு எதற்கு என்று இப்போது புரிந்திருக்கும். தண்ணீர் இறங்கிய கரையில் நாம் அடி வைக்கும் முன் கம்பு அடி வைக்கவேண்டும். ஒரு சாணுக்கு மேல் இறங்கினால் அந்தப் பக்கம் போகவே கூடாது. புல் முளைத்த தரை, கல் தெரியும் தரை, மாடுகள் நடந்து நடந்து இறுகிய தடம், இவை நம்பக்கூடியவை. வெடித்த பழுப்புச் சேறு நம்பக்கூடாதது. தூர்வாரி மணல் எடுத்த இடங்களில் தண்ணீருக்கடியில் குழிகளும் உண்டு. இடுப்பளவு என்று நினைத்து இறங்கியவர் அடுத்த அடியில் ஆளே தெரியாமல் போகலாம். வாளையாறு அணையில் குளிக்க இறங்கிய இளைஞர்களைப் பற்றிய செய்திகளை நாம் எத்தனை முறை படித்துவிட்டோம்!

யாருடைய மீன்?

அந்த மீனவர் பணம் வாங்கவில்லையே தவிர, வேறொன்று கேட்டார். "ஆறு சூண்டை இட்டிருக்கீங்க. யாரிடம் சொல்லிட்டு இட்டீங்க?" எனக்குப் பதில் இல்லை. பத்து வருடமாக இந்த ஊரில் இருக்கிறேன், யாரிடமும் கேட்டதில்லை. கேட்கவேண்டும் என்றே தோன்றியதில்லை.

பிறகுதான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். கேரளத்தின் பல நீர்த்தேக்கங்களில் மீன் பிடிக்கும் உரிமை, மீன்வளத் துறையின் மேற்பார்வையில், ஆதிவாசி மற்றும் தாழ்த்தப்பட்ட மக்களின் மீனவர் கூட்டுறவுச் சங்கங்களுக்கு உரியது. மலம்புழையிலும் அப்படித்தான். அணையில் கட்லாவும் ரோகுவும் தாமாக வந்தவை அல்ல. வெளியே குஞ்சு பொரித்து, விரல் நீளத்துக்கு வளர்த்து, கொண்டுவந்து விட்டவை. பிடித்த மீனை நிறுத்து விற்றுக் கிடைப்பதுதான் அந்த வீடுகளில் அடுப்பு எரிய வழி. எனக்கு அது ஞாயிற்றுக்கிழமை. அவருக்கு அது திங்கட்கிழமை அரிசி.

மறுவாரம் சங்க அலுவலகத்துக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். எங்கே உட்காரலாம், எங்கே வலை கிடக்கும், எதைப் பிடித்தால் அவர்களுக்கு நஷ்டம் என்று பொறுமையாகச் சொன்னார்கள். அன்று முதல் எனக்கென்று சில விதிகள் வைத்திருக்கிறேன். கேட்காமல் தூண்டிலை இறக்குவதில்லை. ஆளுக்கு ஒரு தூண்டில்தான். வலை கட்டிய பக்கம் போவதில்லை. கட்லா, ரோகு, மிருகால் குஞ்சு மாட்டினால் கையை நனைத்துக்கொண்டு முள்ளைக் கழற்றித் தண்ணீரில் விடுவேன். திலேப்பியா என்றால் தாராளமாகக் கூடைக்குள். ஒரு வேளைக் குழம்புக்கு மேல் வேண்டுமென்றால் சங்கத்துக் கடையில் காசு கொடுத்து வாங்குவேன்.

வீட்டில் நிலைமை வேறு. என் மனைவி தூண்டில்களை எல்லாம் கட்டிப் பரணில் போட்டுவிட்டாள். பையன் இரண்டு வருடம் தண்ணீர்ப் பக்கமே வரவில்லை. குளிக்கும் தொட்டியைக் கண்டால்கூட முகம் மாறும். அவனைத் திரும்பக் கொண்டுவந்தவர் அதே மீனவர்தான். ஒரு மழைக்காலத்தில் அணையில் மீன்குஞ்சு விடும் நாளன்று எங்களைக் கூப்பிட்டார். காற்று நிரப்பிய பிளாஸ்டிக் பைகளில் குஞ்சுகள் துள்ளிக்கொண்டிருந்தன. பையை அப்படியே கொட்டக் கூடாது. தண்ணீரில் சிறிது நேரம் மிதக்கவிட்டு, சூடு சமமானபின் வாயைத் திறக்கவேண்டும். அதுவரை பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று ஒரு பையைப் பையன் கையில் கொடுத்துவிட்டார். அவனுக்குப் பயப்பட நேரமே இல்லை. கணுக்கால் தண்ணீரில் குனிந்து, பையைத் திறந்து, குஞ்சுகள் ஒவ்வொன்றாய்ப் போவதைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

இடுக்கிப் பக்கம்

நம் உறுப்பினர்களில் பாதிப் பேர் இடுக்கியில் இருப்பதால் அந்தப் பக்கத்தையும் சொல்லவேண்டும். அங்கே கரையின் குணமே வேறு. மலம்புழைக் கரை தட்டு என்றால் இடுக்கிக் கரை குடம். 1976-இல் தொடங்கிய இடுக்கித் திட்டத்தில் வளைவு அணை, செறுதோணி, குளமாவு ஆகிய மூன்று அணைகளும் சேர்ந்து ஒரே நீர்த்தேக்கத்தை நிறுத்துகின்றன. நிறைந்தால் 2,403 அடி மட்டம். பல இடங்களில் கரை செங்குத்தாக இறங்கும். அங்கே திலேப்பியா குழி பறிக்க ஏது தரை? ஆகவே அகன்ற நீர்ப்பரப்பை விட்டுவிட்டு, ஓடை வந்து சேரும் குறுகலான கைகளைத் தேடவேண்டும். அய்யப்பன்கோவில் பக்கம் நீர்த்தேக்கத்தின் மேல்கோடி. கோடையில் தண்ணீர் ஒதுங்கிப் பழைய தரை வெளியே வரும். அஞ்சுருளியில் இரட்டையாற்றுத் தண்ணீர் சுரங்கம் வழியாக வந்து விழுகிறது. பார்க்க அழகான இடம். ஆனால் சுரங்க வாயருகே போகவே கூடாது; மலையில் மழை பெய்தால் நமக்குச் சொல்லாமலே தண்ணீர் பெருகும்.

தேக்கடி ஏரியைப் பார்த்தவர்கள் தண்ணீர் நடுவே நிற்கும் பட்ட மரங்களை மறந்திருக்கமாட்டீர்கள். 1895-இல் பென்னிகுவிக் அணை கட்டி முடித்தபோது மூழ்கிய காடு அது. நூற்றாண்டு கடந்தும் அடிமரங்கள் நிற்கின்றன. மேலே நீர்க்காகமும் பாம்புத்தாராவும் உட்கார்ந்திருக்கும், கீழே மீன். மிசௌரிக்காரர்கள் மரத்தை வெட்டிப் போட்டுச் செய்யும் வேலையை இங்கே அணை தானாகவே செய்துவிட்டது! ஆனால் ஆசைப்படாதீர்கள். அது புலிகள் சரணாலயம். மூங்கில் தெப்பத்தில் போய் வலை கட்டும் உரிமை அங்கே வாழும் மன்னான், பளியர் மக்களுக்குத்தான் உண்டு. உலகத்தில் வேறெங்கும் இல்லாத மீன் வகைகள் அந்த ஏரியிலும் அதில் வந்து சேரும் ஆறுகளிலும் இருக்கின்றன.

போகக் கூடாத இடங்கள்

பெரியார், பரம்பிக்குளம் புலிகள் சரணாலயங்கள், கோவைக்குக் குடிநீர் தரும் சிறுவாணி, எந்த அணையாக இருந்தாலும் சுவருக்கும் மதகுக்கும் அருகே, இவை நமக்குத் தடை. சின்னக்கானலை அடுத்த ஆனயிறங்கல் அணைக்குப் பெயரே எச்சரிக்கை: யானை இறங்கும் இடம். அரிக்கொம்பன் என்ற யானையை 2023 ஏப்ரலில் அங்கிருந்து பிடித்துக் கொண்டுபோனார்கள் என்றாலும் மற்ற யானைகள் அங்கேதான் இருக்கின்றன. மலம்புழையில் காவாப் பக்கமும் கோடையில் யானைகள் தண்ணீர் குடிக்க வரும். சூடு ஆறாத சாணம் கண்ணில் பட்டால் மீனை மறந்துவிட்டுத் திரும்புங்கள். மாலை ஐந்து மணிக்கு மேல் மலையடிவாரக் கரையில் குழந்தைகளோடு நிற்கவேண்டாம்.

இன்னொரு எமன் இடி. சித்திரை, வைகாசியில் பிற்பகலில் திடீரென்று கருத்து இடிமழை வரும். கடைகளில் கிடைக்கும் கார்பன் தூண்டில் கம்பில் மின்சாரம் பாயும். திறந்த கரையில் அதை நிமிர்த்திப் பிடித்து நிற்பது இடியை வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பதற்குச் சமம். முதல் முழக்கம் கேட்டதும் கம்பைக் கீழே போட்டுவிட்டு வண்டிக்குள்ளோ வீட்டுக்குள்ளோ போய்விடவேண்டும், மரத்தடி கூடாது. மேலே மின்கம்பி போகும் இடத்திலும் தூண்டில் வீசாதீர்கள்.

காலத்திலும் ஒரு தடை உண்டு. இடவப்பாதி மழை இறங்கியதும் நாட்டு மீன்கள் சினையோடு ஓடைகளிலும் வயல்களிலும் எதிரேறும். இங்கே அதை ஊத்த என்பார்கள். கையால் அள்ளலாம் போல வரும், அள்ளத்தான் கூடாது. சட்டப்படியும் குற்றம். அப்போது பிடிக்கும் ஒரு மீன், அடுத்த வருடத்து ஆயிரம் மீன்.

வீட்டுத் தொட்டியில் வளர்த்து அலுத்த மீனை அணையில் விடுவதும் வேண்டாம். 2018 ஆகஸ்ட் வெள்ளத்துக்குப் பிறகு அமேசான் நதியின் அரபைமா மீன் கேரளத்து ஆறுகளில் அகப்பட்டது. ஆப்பிரிக்கக் கெளுத்தி ஏற்கெனவே பரவி நாட்டு மீனைத் தின்றுகொண்டிருக்கிறது. அது தூண்டிலில் மாட்டினால் மட்டும் திரும்ப விடாதீர்கள்.

தூண்டிலும் இரையும்

செலவு ஒன்றும் பெரிதில்லை. எட்டடி மூங்கில், மெல்லிய நரம்பு, சிறிய முள், மிளகு அளவு ஈயக்குண்டு, ஒரு தக்கை. தக்கையை முள்ளிலிருந்து மூன்றடியில் கட்டித் தொடங்குங்கள். கடி இல்லையென்றால் அரையடி அரையடியாகக் கூட்டுங்கள். இரை தரையைத் தொட்டும் தொடாமலும் நிற்கவேண்டும். மண்புழு முதல் தரம். அதற்கு அருவருப்புப்படும் பிள்ளைகளுக்கு மைதா மாவில் கொஞ்சம் கடலைப் புண்ணாக்கு சேர்த்துப் பிசைந்த உருண்டை. பழைய பரோட்டாத் துண்டும் பிரமாதமாக வேலை செய்யும். விடிந்ததிலிருந்து ஒன்பது மணி வரை நல்ல நேரம். ஓரிடத்தில் அரைமணி நேரம் அசைவே இல்லையென்றால் இடம் மாறுங்கள். அறுந்த நரம்பைக் கரையில் போடாமல் சுருட்டிப் பையில் வையுங்கள்; பறவையின் காலில் சுற்றினால் அது சாகும்.

கூடவே ஒரு நீளக் கயிறும், மூடி இறுக்கிய ஐந்து லிட்டர் காலி கேனும் கட்டாயம். யாராவது தண்ணீரில் விழுந்தால் கேனைக் கயிற்றில் கட்டி வீசவேண்டும். பின்னாலேயே குதிக்கக் கூடாது.

திலேப்பியாவில் சேற்றுவாடை என்று சிலர் முகம் சுளிப்பார்கள். அது தண்ணீரில் உள்ள பாசியாலும் நுண்ணுயிராலும் வருவது. செதில் நீக்கி, வயிற்றின் உட்புறக் கறுப்புத் தோலைச் சுரண்டி எடுத்து, கல்லுப்பும் புளிக்கரைசலும் போட்டுத் தேய்த்துப் பத்து நிமிடம் வைத்துக் கழுவினால் வாடை பெரும்பாலும் போய்விடும். எங்கள் வீட்டில் குழம்புக்குப் புளி என்பேன் நான். குடம்புளிதான் என்பாள் இங்கேயே பள்ளிப் படிப்பை முடித்த மருமகள். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு சட்டி வைக்கிறார்கள். எது முதலில் காலியாகிறது என்பதை நான் எழுதப்போவதில்லை.

இந்தச் சித்திரையில் மகன் விடுமுறைக்கு வந்திருந்தான். அவன் மகனுக்கு எட்டு வயது. மூவரும் விடியற்காலையில் ஆனக்கல் பக்கம் போனோம். எனக்குத் தோணி ஓட்டித் தந்த அந்த மனிதர் இப்போது தண்ணீரில் இறங்குவதில்லை; கரையில் உட்கார்ந்து வலை முடைகிறார். எங்களைக் கண்டதும் கையை உயர்த்தி, அன்று வலை கட்டாத பக்கத்தைக் காட்டினார்.

பேரன் தண்ணீரைக் கண்டதும் ஓடப் பார்த்தான். என் மகன் அவன் சட்டைக் காலரைப் பிடித்து நிறுத்தினான். வண்டியிலிருந்து கம்பை எடுத்து வந்து, தரையை அடிக்கு அடி குத்திப் பார்த்துக்கொண்டே முன்னால் நடந்தான். "அப்பா கால் வைத்த இடத்தில் மட்டும் கால் வை" என்றான். நான் ஒன்றும் சொல்லவில்லை. அன்று ஏழு திலேப்பியா கிடைத்தது. இரண்டு ரோகுக் குஞ்சுகளைத் திரும்ப விட்டோம். அதைப் பேரன்தான் விட்டான், கையை நனைத்துக்கொண்டு.